மட்டியின் நஞ்சைக் கரையிலேயே அளக்க வேண்டும்

1981-இல் கல்பாக்கத்தை அடுத்த வயலூரில் மட்டி சாப்பிட்ட 85 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், மூவர் பிழைக்கவில்லை. 1997-இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சிப்பி உணவு ஏழு உயிர்களைக் கொண்டுபோனது. உதடு மரத்து, கைகால் துவண்டு, கடைசியில் மூச்சையே நிறுத்தும் இந்த நஞ்சை உருவாக்குவது கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. கடல்நீரை வடிகட்டித் தின்னும் மட்டியின் சதையில் அது சேர்ந்துவிடுகிறது. வாடையோ ருசியோ மாறாது. கொதிக்க வைத்தாலும் நஞ்சு போகாது. ஆகவே காவல் சமையற்கட்டில் அல்ல, மட்டி எடுக்கும் கழிமுகத்திலேயே தொடங்க வேண்டும்.

எதை அளப்பது என்பதில்தான் வேதியியல் வழிகாட்டுகிறது. இந்த நஞ்சான சாக்சிடாக்சின் மூன்று வளையங்கள் கொண்ட சிறு மூலக்கூறு. அதன் நேர்மின் தொகுதிகள் நரம்பணுவில் சோடியம் நுழையும் வாயிலை வெளியிலிருந்து அடைத்துவிடுகின்றன. நரம்பில் சைகை ஓடுவது நின்றுபோகிறது. இதே மூலக்கூறின் கார்பமாயில் பகுதியில் ஒரு சல்போ தொகுதி ஒட்டினால் வீரியம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிறது. அமிலத்தில் அந்தத் தொகுதி கழன்றால் பழைய வீரியம் திரும்பிவிடுகிறது. எனவே நீரில் பாசியை எண்ணினால் மட்டும் போதாது. சதையிலுள்ள ஒவ்வொரு வடிவத்தையும் பிரித்தளந்து, அதனதன் வீரியத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கிலோவுக்கு 0.8 மில்லிகிராம் என்ற பன்னாட்டு வரம்பு குறிப்பது இந்தக் கூட்டுத்தொகையைத்தான்.

அபூர்வமாக நேரும் விபத்துக்கு இவ்வளவு செலவா என்று கேட்கலாம். கடல் நிறம் மாறினால் மீனவர்களுக்கே தெரியாதா என்றும் கேட்கலாம். 2019-இல் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையானது. மீன்கள் செத்து ஒதுங்கின. அங்கே மீனைக் கொன்றது நீரில் ஆக்சிஜன் குறைந்தது. சாக்சிடாக்சினோ நிறம் மாறாத நீரிலும் மட்டியில் ஏறக்கூடும். சோதனை மீனவர் பிழைப்பைக் கெடுக்கும் என்பதும் சரியல்ல. அளவு தெரிந்தால் ஒரு கழிமுகத்தைச் சில வாரம் மூடினால் போதும். தெரியாவிட்டால் வதந்தி கடற்கரை முழுவதன் வியாபாரத்தையும் முடக்கிவிடும். வயலூர்க்காரருக்குத் தம் கரையாவது தெரியும். கடலிலிருந்து தள்ளியிருக்கும் ரெட்டியார்சத்திரத்தில் ஐஸ் பெட்டியிலிருந்து கடலுணவு வாங்குபவருக்கு அது எந்தக் கழிமுகத்துச் சரக்கு என்பதே தெரியாது. இந்த நஞ்சுக்கு மாற்று மருந்தும் இல்லை. உரிய நேரத்தில் தரும் செயற்கைச் சுவாசமே உயிரைக் காக்கும். ஆகவே மட்டி எடுத்த இடமும் நாளும் பெட்டியில் எழுதப்பட வேண்டும். அந்த இடத்தின் சோதனை முடிவை அரசு தொடர்ந்து வெளியிட வேண்டும்.