எதிர்கொண்டு ஓடிய தந்தை

பெற்றோருக்கும் மக்களுக்கும் இடையே பிணக்கு நேராத இல்லம் உலகில் அரிது. நேர்ந்த பிணக்கைத் தீர்ப்பது எவ்வாறு என்பதே கேள்வி. கிறிஸ்தவத் திருமறையில் இதனைப் பற்றி ஒரு வரலாறும் ஓர் உவமையும் உள்ளன. அன்பர்கள் எச்சமயத்தவராயினும் இவ்விரண்டையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்த்தல் நலம் என்று கருதுகிறோம்.

வரலாறு, இரண்டாம் சாமுவேல் நூலில் வருவது. தாவீது மன்னனின் மைந்தன் அப்சலோம். அவன் தங்கை தாமாருக்கு, மாற்றாந்தாய் மகனான அம்னோன் பெருங்கொடுமை இழைத்தான். மன்னன் சினந்தானேயன்றித் தண்டித்தானில்லை. 2 ஆண்டுகள் வன்மத்தை நெஞ்சில் அடக்கியிருந்த அப்சலோம், அம்னோனைக் கொல்வித்துக் கேசூருக்கு ஓடினான். 3 ஆண்டுகள் கழிந்தபின், படைத்தலைவன் யோவாபின் முயற்சியால் மன்னன் அவனை எருசலேமுக்கு வரவழைத்தான். ஆனால், தன் முகத்தில் விழிக்கலாகாது என்று கட்டளையிட்டான்! ஒரே நகரில் 2 ஆண்டுகள் தந்தையின் முகம் காணாது மைந்தன் வாழ்ந்தான். பின்னர் முத்தமிட்டுச் சேர்த்துக்கொண்டபோது காலம் கடந்துவிட்டது. அப்சலோம் தந்தைக்கு எதிராகவே படை திரட்டினான், போரில் மாண்டான். வெற்றிச் செய்தி கேட்ட மன்னனோ, மகனுக்குப் பதிலாகத் தான் மடிந்திருக்கலாகாதா என்று கதறினான். அரியணை ஆசையும் அம்மைந்தனை உந்தியிருக்கலாம். எனினும், இறந்தபின் கதறிய அன்பு, இருந்தபோது கதவைத் திறந்திருக்குமாயின் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணாதிருக்க இயலவில்லை.

உவமை, லூக்கா சுவிசேஷம் 15ஆம் அதிகாரத்தில் இயேசு கூறியது. தந்தை உயிரோடிருக்கும்போதே பங்கைக் கேட்டுப் பெற்ற இளைய மகன், தூர தேசத்தில் அனைத்தையும் அழித்தான். பஞ்சம் வந்தபோது பன்றி மேய்த்தான். யூதர்க்கு அதனினும் இழிவு வேறில்லை. மனம் தெளிந்து வீடு திரும்புகையில், தன்னைக் கூலியாட்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளுமாறு வேண்டுவதற்குச் சொற்களை அமைத்துக்கொண்டான். அவன் தொலைவில் வரும்போதே தந்தை கண்டார், ஓடினார், கட்டித் தழுவினார். 'நான் மகன் எனத் தகுதியற்றவன்' என்பது வரையில் மகன் சொன்னான். கூலியாள் என்ற சொல்லுக்கு இடமே இல்லாமற்போயிற்று. உயர்ந்த ஆடையும் மோதிரமும் காலணியும் கொண்டுவருமாறு தந்தை ஏவிவிட்டார்.

கதை இத்துடன் முடியவில்லை. வயலிலிருந்து வந்த மூத்த மகன், விருந்தின் ஓசை கேட்டு உள்ளே புகாமல் வெளியே நின்றான். தந்தை அவனிடமும் வெளியே வந்து வருந்தி அழைத்தார். அவனோ தம்பி என்னாமல் 'உம்முடைய மகன்' என்றான். தந்தை 'உன் தம்பி' என்று திருத்தினார். மூத்தவன் உள்ளே சென்றானா என்பதை உவமை கூறவில்லை. அவ்விடை கேட்போர்க்கே விடப்பட்டுள்ளது.

தாவீது ஊருக்குள் வர அனுமதித்தான். உவமைத் தந்தை வீதிக்கே ஓடினார். முன்னது பாதி மன்னிப்பு; பின்னது முழு மன்னிப்பு.

பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நம்மிடையே பாதி மன்னிப்பு எளிதில் மறைந்திருக்கும். மாதந்தோறும் பணம் தவறாமல் ஊர் போய்ச் சேரும். அன்பான சொல் ஒன்று சேராது. திருமண அழைப்பிதழ் வரும். வந்தவரை வாயிலில் நின்று 'வா' என்பார் இலர். தொலைவின்மேல் பழியைப் போட்டுவிட்டு ஆண்டுகளைக் கழித்துவிடுகிறோம்.

மகன் எழுந்து நடந்தான். தந்தை எதிர்கொண்டு ஓடினார். இருவரும் அடியெடுத்து வைத்தமையாலேயே இடைவழி குறைந்தது. பிள்ளைகள் மன்னிப்புக் கேட்கும் சொற்களை முற்றும் சொல்லி முடிக்கட்டும் என்று பெற்றோர் காத்திராதிருப்பாராக. பெற்றோர் முதலில் அழைக்கட்டும் என்று பிள்ளைகளும் காத்திராதிருப்பாராக. உடன்பிறந்தாரோ, வாயிற்புறத்தில் நிற்பதை விட்டு உள்ளே வருவாராக!