உபகாரச் சம்பளமும் 'ஏழை' யோக்கியதையும்

பொம்மிடி ரயிலடியிலும் டீக்கடையிலும் ஒரு பேச்சு அடிபடுகிறது. காலேஜில் படிக்கிற பிள்ளைகளுக்குச் சர்க்கார் மாதாமாதம் பணம் கொடுத்துக் கெடுக்கிறதாம், படிக்கிறவனுக்குப் பணம் எதற்காம், கஜானா காலியாகிறதாம். இப்படிப் பேசுகிற பெரியவர்களில் பலர் கோயில் அன்னதானப் பந்தியில் முதல் இலையில் உட்காருகிறவர்கள்.

முழுநேரம் படிக்கிறவனுக்குப் பொதுச் சொத்திலிருந்து சோறு போடுவது இந்த நாட்டில் நேற்று வந்த பழக்கமா? விழுப்புரம் ஜில்லா எண்ணாயிரத்துக் கல்வெட்டைப் பார்க்கட்டும். சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன், ராஜேந்திர சோழன் காலத்தில், அங்கே 340 மாணாக்கர் வேதமும் வியாகரணமும் மீமாம்சையும் படித்தார்கள். அவர்களுக்குத் தினப்படி நெல், உபாத்தியாயர்களுக்கும் நெல், இதற்கென்று 45 வேலி நிலம். அந்த நிலத்தை உழுதவன் பிள்ளைக்கு அங்கே ஒரு மணை கிடைத்திருக்குமா? அந்தச் சோற்றைத் தின்றவர்கள் சோம்பேறிகளாகிக் கெட்டுப்போனார்கள் என்று எந்தப் புராணமும் சொல்லக் காணோம்! சேரன்மாதேவி குருகுலத்தார் காங்கிரசின் பொதுப்பணம் 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டு பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டு, 1924, 25-இல் நாடே நாறியது நம் வாசகர்கள் அறிந்ததே. மாணாக்கனுக்குப் பொதுப்பணம் கொடுக்கலாமா என்கிற சந்தேகம் அன்று ஒருவருக்கும் வரவில்லை. நம் பிள்ளைகள் கைநீட்டி வாங்க ஆரம்பித்த பிறகுதான் அது பிறந்தது.

இது நிற்க. யோக்கியதைக்கு வருவோம். தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்குப் பள்ளியிறுதிக்குப் பிந்திய உபகாரச் சம்பளம் 1944 முதல் ஏற்பட்டது. 2021-இல் மத்திய சர்க்கார் வெளியிட்ட விதிப்படி, பெற்றோர் வருமானம் வருஷம் 2½ லட்சத்தைத் தாண்டினால் அது கிடையாது. தகப்பனும் தாயும் கூலிக்குப் போய் மாதம் 21,000 ரூபாய் சம்பாதித்தால் வருஷத்துக்கு 2,52,000. ஆகவே அவர்கள் வசதியுள்ளவர்கள்! அதே சர்க்கார் 2019-இல் அரசியல் சட்டத்தை 103-ஆம் முறையாகத் திருத்தி, 'நலிந்த' மேல்ஜாதியாருக்கு 10 சதவீதம் இடம் ஒதுக்கியபோது, வருஷம் 8 லட்சத்துக்குள் வருமானமுள்ளவன் ஏழை என்றது. மாதம் 66,000 வாங்குகிறவன் ஏழை, 21,000 வாங்குகிறவன் தனவான்! ஒன்று இடம், மற்றது பணம், இரண்டையும் ஒப்பிடலாமா என்று வக்கீல்கள் கேட்பார்கள். 'ஏழை' என்கிற ஒரே வார்த்தைக்கு ஜாதிக்கொரு அர்த்தம் எப்படி வந்தது என்று நாம் கேட்கிறோம். 2022 நவம்பர் 7-இல் சுப்ரீம் கோர்ட்டில் மூன்று நீதிபதிகள் இத்திருத்தத்தை ஒப்பினார்கள், இருவர் ஒப்பவில்லை. தாழ்த்தப்பட்ட, பிற்பட்ட ஏழைகளை வெளியே நிறுத்தியது தப்பு என்ற அந்த இருவரில் ஒருவர் தலைமை நீதிபதி.

மாநில சர்க்காரையும் சும்மா விடுவதற்கில்லை. நம் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேரால் தாலிக்குத் தங்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். (அம்மையார் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!) 2022 செப்டம்பர் 5-இல் அதைப் பெண்களின் மேற்படிப்புக்கு மாதம் 1,000 ரூபாய் என்று மாற்றியதும், 2024 ஆகஸ்டில் ஆண்பிள்ளைகளுக்கும் கொடுக்க ஆரம்பித்ததும் மெத்தச் சரி. ஆனால் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை சர்க்கார் பள்ளியில் படித்திருக்கவேண்டும் என்றார்கள். பிறகு உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவரைச் சேர்த்தார்கள். தபால்வழிப் படிப்புக்கு இல்லை என்றார்கள். கடன் வாங்கி இரண்டு வருஷம் இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பி, கட்டமுடியாமல் சர்க்கார் பள்ளிக்குத் திரும்பிய கூலிக்காரன் மகள் என்ன குற்றம் செய்தாள்? பகலெல்லாம் வேலைக்குப் போய் இராத்திரியில் தபால்வழிப் பாடம் படிக்கிறவளுக்கல்லவா முதலில் கொடுக்கவேண்டும்?

பொம்மிடியிலிருந்து சேலத்துக்கும் தருமபுரிக்கும் படிக்கப்போகிற பிள்ளைகளின் பெற்றோர்களே! ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் போகுமுன் வருமானச் சான்று, ஜாதிச் சான்று, ஆதார், பிள்ளை பேரில் பாங்குக் கணக்கு இவைகளைத் தயார் செய்து காலேஜில் கொடுங்கள். சான்றுக்கு இழுத்தடித்தால் தாசில்தாருக்கு எழுதிக் கேளுங்கள். பணம் பிள்ளையின் கணக்குக்கே வந்து சேரும். அதைத் திருப்பதி உண்டியலுக்கு முடிந்துவைக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.