காற்று இலவசம், அதை அடைப்பதுதான் நட்டம்!

மாதம் பிறந்தால் நம் கடைவீதியில் முதல் பேச்சு கேஸ் விலையாகத்தான் இருக்கிறது. வணிக சிலிண்டரின் விலையை எண்ணெய் நிறுவனங்கள் மாதந்தோறும் முதல் தேதியில் மாற்றி அறிவிக்கின்றன. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உணவு விடுதி நடத்துவோர் 5 சதவீத வரிமுறையில் இருந்தால், சிலிண்டருக்குக் கட்டிய அந்த வரியைக் கணக்கில் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. இதை எதிர்த்து வணிகர் அமைப்புகள் குரல் கொடுப்பது நியாயமே. தொடர்ந்து கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் விலை நம் கையில் இல்லை. காசு கொடுத்து வாங்கிய கேஸ் முழுவதும் பாத்திரத்தின் அடியில் போய்ச் சேருகிறதா என்பது நம் கையில் இருக்கிறது. அதைப் பற்றி நம்மில் எத்தனை பேர் யோசிக்கிறோம்? அரிசி மூட்டையில் அரைக் கிலோ குறைந்தால் லாரியை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிறோம். அடுப்பில் தினமும் போகும் சேதாரத்தை ஒருவரும் கேட்பதில்லை.

"சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, எடை குறைத்துப் போடுகிறார்கள்" என்று சிலர் சொல்வதுண்டு. சந்தேகம் இருந்தால் எடை போட்டுப் பார்த்து வாங்குவது உங்கள் உரிமை. காலி சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும்; அதோடு 19 கிலோவைக் கூட்டினால் வரவேண்டிய எடை. எடை சரியாக இருந்தும் சிலிண்டர் முன்னைவிடச் சீக்கிரம் தீர்ந்தால், குறையை அடுப்பில்தான் தேட வேண்டும். அடுப்பில் முதலில் பார்க்க வேண்டியது காற்று!

19 கிலோவுக்கு 300 கிலோ

அடுப்பில் எரிவது கேஸ் மட்டுமல்ல, கேஸும் காற்றும் கலந்த கலவை. ஒரு கிலோ சமையல் எரிவாயு முழுதாக எரிய ஏறக்குறைய பதினைந்தரைக் கிலோ காற்று வேண்டும். அப்படியானால் 19 கிலோ சிலிண்டர் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 300 கிலோ காற்று! பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள எட்டு, ஒன்பது அறைகளில் அடங்கும் காற்று அது. 19 கிலோவுக்கு நாம் பணம் கொடுக்கிறோம். 300 கிலோ இலவசமாக வருகிறது. இலவசமாக வரும் சரக்கை வாசலிலேயே தடுத்து நிறுத்துகிற வியாபாரியை என்னவென்று சொல்வது?

இந்தக் காற்று இரண்டு வழியாக வருகிறது. கேஸ் ஊசிமுனைத் துளையுள்ள ஜெட் வழியாக வேகமாகப் பீறிடுகிறது. அந்த வேகமே பக்கத்துத் துளைகளிலிருந்து காற்றை இழுத்துக்கொள்கிறது. இரண்டும் குழாயில் கலந்து, பர்னர் தலையில் வந்து எரிகின்றன. இது முதல் காற்று. மீதி வேண்டியதைச் சுடரே தன்னைச் சுற்றியுள்ள இடத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. இது இரண்டாம் காற்று. இந்த ஏற்பாட்டில் மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை. கேஸ் பாயும் வேகம்தான் காற்றை இழுக்கிறது.

முன்னாளில் ஐரோப்பாவில் கேஸ் விளக்குகள் மஞ்சளாக எரிந்து கரி கக்கிக்கொண்டிருந்தன. ஜெர்மனியில் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்து வேதியியல் பேராசிரியர் புன்சன், கருவி செய்யும் தெசாகா என்பவரோடு சேர்ந்து 1855ஆம் ஆண்டு வாக்கில், எரியும் முன்பே கேஸோடு காற்றைக் கலக்கும் பர்னரைக் கொண்டுவந்தார். கரியில்லாத, சூடு மிகுந்த நீலச் சுடர் கிடைத்தது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் நம் பிள்ளைகள் பார்க்கும் அந்த பர்னர்தான் இன்று நம் டீக்கடை அடுப்புக்கும் மூதாதை.

மஞ்சள் சுடர் சொல்லும் சேதி

காற்று போதாமல் போனால் சுடர் மஞ்சளாகிறது. பாத்திரத்தின் அடி கறுக்கிறது. கேஸில் உள்ள கரி முழுதாக எரியாமல் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு ஆகிறது. அப்படி எரியும் கரியிலிருந்து, முழுதாக எரிந்தால் கிடைக்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. போதாக்குறைக்கு, அடியில் படிந்த கரி சூடு உள்ளே போவதைத் தடுக்கிறது. காசும் போகிறது, பாத்திரம் தேய்க்கிற ஆளின் நேரமும் போகிறது.

காற்று அளவுக்கு மிஞ்சினாலும் தொல்லைதான். சுடர் பர்னரை விட்டு எழும்பி இரைச்சலிடும். சில நேரம் அணைந்தே போகும். நீலமாக, நிலையாக, பர்னரை ஒட்டி எரிவதே சரியான சுடர். ஒன்றைக் கவனிக்கவும்: உப்புத் தூளோ மாவுத் தூசியோ பட்டாலும் சுடர் மஞ்சளாகும். அது சற்று நேரத்தில் போய்விடும். போகாமல் நிற்கும் மஞ்சளுக்குத்தான் வைத்தியம் தேவை.

நம் கடைகளில் காற்று கெடுவது மூன்று விதமாக நடக்கிறது.

முதலாவது, தூசி. திருவள்ளூர் நெடுஞ்சாலையோரம் கடை வைத்திருப்பவர்களுக்குத் தூசியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் துடைத்த கண்ணாடிப் பெட்டி மதியத்திற்குள் மங்கிவிடுகிறது. அதே தூசிதான் அடுப்பின் காற்றுத் துளையிலும் போய் உட்காருகிறது. பலகாரக் கடையில் கடலை மாவும் மைதாவும் பறக்கின்றன. எண்ணெய் ஆவி அவற்றைப் பசை போட்டாற்போல் ஒட்டவைக்கிறது. சில நாள் பயன்படுத்தாத அடுப்பானால் சிலந்தி குழாய்க்குள் கூடு கட்டிவிடும். காற்று வரும் வழி பாதியாகச் சுருங்கினால் சுடர் எப்படி நீலமாக எரியும்?

இரண்டாவது, ஜெட்டில் கைவைப்பது. "தீ பத்தவில்லை" என்று மாஸ்டர் சொல்வார். உடனே யாரோ ஒருவர் ஊசியையோ கம்பியையோ விட்டு ஜெட் துளையைப் பெரிதாக்கிவிடுவார். தீ பெரிதாகத் தெரியும், எல்லோருக்கும் திருப்தி. ஆனால் கேஸ் கூடிய அளவுக்குக் காற்று கூடவில்லை. பெரிதாகத் தெரிகிற அந்தத் தீ வாணலியின் பக்கவாட்டில் ஏறி, கூரையைச் சூடாக்கிவிட்டுப் போகிறது. ஜெட் அடைத்தால் சுத்தம் செய்யலாம், தேய்ந்தால் அதே அளவில் புதிது மாற்றலாம். குடைந்து பெரிதாக்குவது கல்லாப்பெட்டியில் ஓட்டை போடுவதற்குச் சமம்.

மூன்றாவது, அடைத்த இடம். வாடகை ஏறிவிட்ட காலத்தில் எட்டடிக்கு ஆறடி இடத்தில் அடுப்பு, அதைச் சுற்றி எண்ணெய் டின், அட்டைப்பெட்டி, மாவு மூட்டை. மழைக்கென்று தகரம் அடித்து, எலிக்கென்று ஜன்னலை மூடி, கடைசியில் காற்று நுழைய வழியே இல்லை. எரிந்து முடிந்த காற்றையே அடுப்பு மறுபடி இழுக்கிறது. காற்று சுத்தமாக இருக்க வேண்டும் என்பது தூசியில்லாமல் இருப்பது மட்டுமல்ல. ஏற்கெனவே எரிந்த காற்றாகவும் இருக்கக்கூடாது.

"எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டிருக்கிறோமே" என்பார்கள். வெளியே தள்ள ஃபேன் இருக்கிறது, உள்ளே வர வழி எங்கே? கொள்முதல் இல்லாமல் விற்பனை மட்டும் நடத்த முடியுமா? சுவரில் இரண்டு திறப்புகள் வேண்டும். எரிந்த சூடான காற்று மேலே ஏறும், அதற்கு உயரத்தில் ஒன்று. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதற்குத் தரையை ஒட்டி ஒன்று. கீழ்த் திறப்பு புதுக் காற்றுக்கும் வாசலாகிறது. எலி வராமல் கம்பி வலை போடுங்கள். பலகை போட்டு அடைக்காதீர்கள்.

உயிர்க் கணக்கு

பண நட்டத்தை அடுத்த மாதம் ஈடுகட்டலாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தை, அதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றோடு இது பிடித்துக்கொள்கிறது. முதலில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல். நம் ஆட்கள் "பித்தம்" என்று ஒரு எலுமிச்சைச்சாறு குடித்துவிட்டு மறுபடி அதே அடுப்பின் முன்னால் போய் நிற்கிறார்கள்.

"மளிகைக் கடைக்காரனுக்கு இதில் என்ன?" என்று உறுப்பினர்கள் கேட்கலாம். வெளியூர்ப் பிள்ளைகள் நம் கடைகளில் வேலைக்கு இருக்கிறார்கள். பலர் கடையின் பின்கட்டிலேயே சமைத்து, ஷட்டரை இறக்கிவிட்டு, மூட்டைகளுக்கு நடுவில் படுத்து உறங்குகிறார்கள். மூடிய இடத்தில் மஞ்சளாக எரியும் ஓர் அடுப்பு என்ன செய்யும் என்பதை அந்தப் பிள்ளைகள் அறிய மாட்டார்கள். அறிந்துகொள்ள வேண்டியவர் முதலாளி. நம்மை நம்பி அனுப்பிய பெற்றோருக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அடுப்பு, பர்னர், ஜெட் விற்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். வீட்டு கேஸ் அடுப்புக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 4246. அதன்படி, எரியும் வெப்பத்தில் குறைந்தது 68 சதவீதம் பாத்திரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத மலிவு அடுப்பை நூறு ரூபாய் கூடுதல் லாபத்துக்காக விற்றால், வாங்கியவர் அந்த நூறை மாதாமாதம் கேஸாகக் கட்டுவார். நம் வாடிக்கையாளரின் பணம்தானே அது?

கடைக்கு வீட்டு சிலிண்டரைப் பயன்படுத்தி மிச்சம் பிடிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது 2000ஆம் ஆண்டின் எரிவாயு ஒழுங்குமுறை ஆணைப்படி குற்றம். பிடிபட்டால் சிலிண்டரும் போகும், மானமும் போகும்.

குழாய் எரிவாயு வரும்போது

சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் குழாய் வழி எரிவாயு வழங்கும் உரிமை டோரண்ட் கேஸ் நிறுவனத்திடம் இருக்கிறது. எண்ணூரில் இயற்கை எரிவாயு முனையம் 2019இல் திறக்கப்பட்டது. ஆவடியும் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். இணைப்பு எடுக்கும் உறுப்பினர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: குழாயில் வருவது வேறு கேஸ். அது பெரும்பாலும் மீத்தேன்.

சிலிண்டர் கேஸ் ஒரு பங்கு எரிய இருபத்தைந்து, முப்பது பங்கு காற்று வேண்டும். மீத்தேனுக்கு ஏறக்குறைய பத்துப் பங்கு போதும். அழுத்தமும் வேறு. எனவே பழைய அடுப்பை அப்படியே மாட்டினால் கலவைக் கணக்கு தப்பிவிடும். ஜெட்டை மாற்றியாக வேண்டும். சிலிண்டர் அடுப்பின் ஜெட்டை மட்டும் மாற்றி ஒப்பேற்றினாலும் முழுத் திறன் கிடைப்பதில்லை. அதனால்தான் டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனம், பெட்ரோலியச் சிக்கனத்துக்கென்று 1978இல் தொடங்கப்பட்ட பி.சி.ஆர்.ஏ. அமைப்போடு சேர்ந்து குழாய் எரிவாயுவுக்கென்றே தனி பர்னரை உருவாக்கியது. இணைப்பு எடுக்கும்போது "எந்த பர்னர், என்ன ஜெட்?" என்று கேட்டு வாங்குங்கள். தெருமுனை ஆளை வைத்துத் துளை போட்டுக்கொள்ளாதீர்கள்.

சங்கம் செய்ய வேண்டியது

மாத்தில் பத்து சிலிண்டர் செலவாகும் பலகாரக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சரியான காற்றால் பத்தில் ஒன்று மிச்சமானால் வருடத்துக்குப் பன்னிரண்டு சிலிண்டர். எந்தப் போராட்டமும் இல்லாமல் கிடைக்கும் விலைக்குறைப்பு இது. பாதி மிச்சமானால்கூட ஆறு சிலிண்டர் லாபம்தான்.

"ஓய்வே இல்லாத கடையில் அடுப்பைக் கழற்ற நேரம் ஏது?" என்பது நியாயமான கேள்வி. தொழிற்சாலை ஷிப்டு விடும் நேரத்தில் நம் டீக்கடைகளில் மூச்சுவிடக்கூட முடியாது. ஆனால் வாரத்துக்கு அரை மணி நேரம் போதும். சிலிண்டரை மூடி, அடுப்பு ஆறிய பின் பர்னர் தலையை எடுத்துச் சோப்பு வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்து, ஈரம் போக உலர்த்துங்கள். காற்றுத் துளையையும் குழாயையும் பிரஷ்ஷால் துடையுங்கள். காற்றுத் துளையின் மேல் திருகும் தகடு இருந்தால், நீலச் சுடர் வரும்வரை திருப்பி நிறுத்துங்கள். ஜெட்டை மட்டும் விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் சிலிண்டரை மூடி, கதவைத் திறந்து, வெளியே வந்து 1906 எண்ணுக்குப் பேசுங்கள்.

தனித்தனியாகச் செய்ய முடியாததைச் சங்கம் செய்யலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நல்ல மெக்கானிக் ஒருவரை அமர்த்தி, ஆவடி, பட்டாபிராம், திருமுல்லைவாயல் பகுதிகளில் உறுப்பினர் கடைகளின் அடுப்புகளைச் சரிபார்க்க முகாம் நடத்த வேண்டும். செலவைப் பங்கிட்டால் தலைக்கு ஒரு டீக்காசு கணக்கில்தான் வரும். புதிய உறுப்பினரைச் சேர்க்கும்போது உரிமம், தராசு முத்திரை பார்ப்பதுபோல், அடுப்பு இருந்தால் காற்றுத் திறப்பும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மே 5 வணிகர் தினத்துக்குள் முதல் முகாமை நடத்தி முடித்தால், அந்த மேடையில் விலைக்குறைப்புக் கோரிக்கையை நாம் இன்னும் உரத்துச் சொல்லலாம். "எங்கள் பக்கத்துச் சேதாரத்தை நாங்கள் நிறுத்திவிட்டோம், உங்கள் பக்கத்து வரியைக் குறையுங்கள்" என்று கேட்பவனுக்குத்தான் மதிப்பு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கடையை மூடும் முன், உங்கள் அடுப்பின் சுடரை ஒருமுறை பாருங்கள். அது மஞ்சளாக இருந்தால், திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.