போன்ல பி.பி. பார்க்கலாமா? ஸ்டார் ரேட்டிங் சொல்லாத விஷயங்கள்

2021 மே கடைசி வாரத்தை கோவைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தினசரி கொரோனா எண்ணிக்கையில் சென்னையையே நம் மாவட்டம் முந்தியது அப்போதுதான். முதல்வர் ஸ்டாலின் பிபிஇ கிட் அணிந்து இ.எஸ்.ஐ. மருத்துவமனை வார்டுக்குள் சென்றதும் அதே நாட்களில்தான். மெடிக்கலில் ஆக்சிமீட்டர் கேட்டால் "ஸ்டாக் இல்லீங்க" என்ற பதில்தான் வரும். அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு ஆப் லிங்க் வந்தது. கேமரா மேல் விரலை வைத்தால் போதும், ஆக்சிஜன் அளவு தெரிந்துவிடுமாம். வைத்தேன். 98 என்றது. நிம்மதி. ஏதோ ஒரு சந்தேகத்தில் சமையலறையில் இருந்த தக்காளி மேல் கேமராவை வைத்துப் பார்த்தேன். தக்காளிக்கு 97!

சிரிப்பு வந்தாலும், உள்ளுக்குள் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அந்த 98-ஐ நம்பி எத்தனை பேர் அன்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்திருப்பார்கள்?

ஆக்சிமீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்த ஏமாற்று புரிந்துவிடும். ஆக்சிஜன் ஏற்றிய ரத்தமும் ஏற்றாத ரத்தமும் ஒளியை வேறு வேறு அளவில் உறிஞ்சுகின்றன. அதனால் கிளிப் கருவி, சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி என இரண்டை விரலுக்குள் செலுத்தி, இரண்டையும் ஒப்பிட்டுக் கணக்குப் போடுகிறது. உங்கள் போனின் ஃபிளாஷ் வெறும் வெள்ளை விளக்கு. கேமராவிலோ அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கவே ஒரு ஃபில்டர் இருக்கும். நாடித்துடிப்பை வேண்டுமானால் ஓரளவு எண்ணலாம். ஆக்சிஜன் அளவுக்குத் தேவையான இரண்டாவது ஒளிக்கு எங்கே போவது? இது போதாதென்று, போலி ஆக்சிமீட்டர் ஆப்கள் போனில் உள்ள தகவல்களையும் கைரேகையையும் திருடலாம் என்று மத்திய உள்துறையின் 'சைபர் தோஸ்த்' கொரோனா காலத்திலேயே எச்சரித்தது.

"அதான் ரிவ்யூ பார்த்துட்டுத்தானே டவுன்லோடு பண்றோம்" என்பீர்கள். அங்கேதான் சிக்கல்.

அமெரிக்காவில் 2014-ல் 'இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர்' என்று ஒரு செயலி வந்தது. போனின் மேல் விளிம்பை இடது மார்பில் வைத்து, வலது ஆள்காட்டி விரலால் கேமராவை மூடினால் பி.பி. சொல்லிவிடும். கைப்பட்டை வேண்டாம், மெஷின் வேண்டாம். ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் சுமார் 1.48 லட்சம் பேர் காசு கொடுத்து வாங்கினார்கள். 2016-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 85 பேரிடம் அதைச் சோதித்தார்கள். ரத்த அழுத்தம் உண்மையிலேயே அதிகமாக இருந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேரிடம் 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று அது சொல்லியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்த நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது.

இதில் இன்னொரு விஷயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இவ்வளவு தப்பான செயலி ஏன் இவ்வளவு பிரபலமானது என்று அதே குழுவினர் பிறகு ஆராய்ந்தார்கள். அளவைக் குறைத்துக் காட்டியதே காரணங்களில் ஒன்று! நல்ல செய்தி சொல்பவரை எல்லோருக்கும் பிடிக்கும்தானே? நாம் கொடுக்கும் ஸ்டார், ஆப் தந்த மனநிம்மதிக்கான ஸ்டாராக இருக்கலாம். அளவு சரியா தப்பா என்பது ஸ்டார் போடுபவருக்கும் தெரியாது.

சரி, வேறு எப்படி மதிப்பிடுவது? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் 2015-ல் 'மார்ஸ்' என்ற 23 கேள்விகள் கொண்ட அளவுகோலை உருவாக்கினார்கள். ஆர்வத்தைத் தக்கவைப்பது, வேலை செய்யும் விதம், தோற்றம், தகவலின் தரம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. நமக்கு அத்தனையும் வேண்டாம். செயலிப் பக்கத்தில் 'யாரிடம், எந்தக் கருவியோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள்' என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் அதற்குப் பதிலாக, கடைசியில் பொடி எழுத்தில் 'பொழுதுபோக்குக்கு மட்டும்' என்றிருக்கும். டாக்டர் ஆலோசனை தரும் ஆப் என்றால், டாக்டரின் பதிவு எண் மருந்துச்சீட்டில் இருக்க வேண்டும். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவே நேரடியாக நோயாளிக்கு ஆலோசனை சொல்வதோ மருந்து எழுதுவதோ கூடாது என்றும் அது சொல்கிறது. சரவணம்பட்டி, பீளமேடு ஐ.டி. நண்பர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

டயட் ஆப்களில் ஆபத்து குறைவு, குளறுபடி அதிகம். அரிசிம்பருப்பு சோறு என்று தேடிப் பாருங்கள். கிச்சடியையோ சாம்பார் சாதத்தையோ காட்டும் செயலிக்கு, அதில் ஊற்றிய நெய் எப்படித் தெரியும்?

தனியுரிமைக்கும் இதே கதைதான். பிளே ஸ்டோரில் இருக்கும் 'டேட்டா பாதுகாப்பு' விவரம், ஆப் தயாரித்தவரே எழுதித் தருவது. அரசு முத்திரை இருந்தாலும் முழுசாக நம்ப முடியவில்லை. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை அங்கீகரித்த 79 ஆப்களை ஆராய்ந்தபோது, அடையாளம் காட்டும் தகவல்களை இணையத்தில் அனுப்பிய 35-ல் 23 ஆப்கள் அவற்றைக் குறியாக்கம் செய்யாமலே அனுப்பியது 2015-ல் தெரியவந்தது.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2020 ஏப்ரல் முதல், நோயறியப் பயன்படும் மென்பொருளும் மருத்துவக் கருவிதான். 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. அதன் பிரிவுகள் படிப்படியாகத்தான் அமலாகின்றன. ஆனால் 'இது வெறும் வெல்னஸ் ஆப்' என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தப்பிக்கிறார்களே, அதை யார் கேட்பது? சோதித்துப் பார்த்த செயலிகளின் பட்டியலை அரசு தமிழில் வெளியிட வேண்டும். மருத்துவக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் அருகருகே இருக்கும் கோவையிலேயே அந்தச் சோதனையைத் தொடங்கலாம். பத்து ஆப், ஒரு நல்ல பி.பி. மெஷின், நூறு பேர் இருந்தால் முதல் பட்டியல் தயார்.

அது வரும்வரை வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அடுத்த முறை 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர் வந்து அப்பாவுக்குக் கைப்பட்டை கட்டிப் பார்க்கும்போது, அவர் போனில் இருக்கும் ஆப்பையும் திறந்து பக்கத்தில் வையுங்கள். இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி, ஆப் வேறு எண் காட்டினால் அப்பாவின் முன்னாலேயே அதை நீக்கிவிடுங்கள்.