பின்கதவை ஏன் அடைக்கிறீர்கள்?

ஊட்டி, குன்னூரில் நூறாண்டு கடந்த பங்களா வைத்திருப்பவர்களுக்குப் பாரம்பரிய ஆர்வலர்கள் சொல்லும் ஆலோசனைகள் நியாயமானவை. சுண்ணாம்புக் காரைச் சுவரின் மேல் சிமெண்ட் பூசாதீர்கள். உள்ளே இறங்கிய மழை ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் பொரிந்து உதிரும். உடைந்த ஓட்டை மட்டும் மாற்றுங்கள். மரச் சன்னலைக் கழற்றிவிட்டு அலுமினியம் போடாதீர்கள். இவற்றில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் ஒரு கதவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காலனிய கால பங்களாக்களின் குளியலறைக்கு வெளிப்புறமாக ஒரு தனிக் கதவு இருக்கும். கழிவுநீர்க் குழாய் வராத காலத்தில், மலம் அள்ளும் தொழிலாளி வீட்டுக்குள் கால் வைக்காமல் வந்து போவதற்காக வைத்த கதவு அது. துரை அதைச் சுகாதாரம் என்று சொல்லிக்கொண்டார். அவருக்குப் பின் பங்களாவை வாங்கிய நம்மவர்களுக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கள ஆய்வின்போது நான் பார்த்த ஒரு விடுதியில் கணப்பு அடுப்பைத் துடைத்து மெருகேற்றி வைத்திருந்தார்கள். பின்கதவைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். கேட்டால், “அது எதுக்குன்னே தெரியலீங்க” என்றார் மேலாளர்.

தோடர்களின் நிலத்தில் 1822இல் ஜான் சல்லிவன் கட்டத் தொடங்கிய கல் பங்களாவைக் கொண்டாடுகிறோம். மலை ரயிலுக்கு 2005இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. லைன் வீடுகள் எந்தப் பட்டியலில் இருக்கின்றன?

1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்காக 1968இல் அரசு தொடங்கிய தோட்டங்கள்தான் இன்றைய டான்டீ. அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். தேயிலையை நட்டதும் பறித்ததும் அவர்கள். வீடு மட்டும் அவர்களுடையதல்ல. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தரும் கடமையை நிர்வாகத்தின் மேல் வைத்தது, உரிமையைத் தொழிலாளிக்குத் தரவில்லை. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். 2022இல் டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடம் ஒப்படைக்க அரசு முடிவெடுத்தபோது, அந்த லைன்களில் எத்தனை குடும்பங்கள் தூக்கமில்லாமல் கிடந்திருக்கும்?

பாதுகாப்பு ஆலோசனைகள் எல்லாமே ‘உரிமையாளர்களே’ என்றுதான் விளிக்கின்றன. ஒழுகும் கூரையை மாற்றக்கூட எஸ்டேட் ஆபீசில் மனு கொடுத்துக் காத்திருப்பவரிடம் அந்தச் சொல் போய்ச் சேராது.

லைன் வீடுகளை இருக்கிறபடியே பாதுகாக்கச் சொல்லவில்லை. பட்டா தராமல் பாரம்பரியச் சின்னம் என்று பலகை மட்டும் மாட்டினால், அது அங்கிருப்பவர்களை ஒழுகும் கூரைக்குக் கீழேயே நிறுத்தி வைப்பதாகும். முதலில் பட்டா, பிறகு பழுதுபார்க்க நிதி. காலியாகிப்போன லைன்களில் ஒன்றிரண்டையாவது இடிக்காமல், அங்கு வாழ்ந்தவர்களின் பெயர்களோடு வைத்திருக்கலாம். பாரம்பரியக் கட்டடங்களுக்கென 2012இல் நிறைவேற்றிய ஆணையச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. பட்டியல் போடும்போது லைனுக்கும் வரட்டும்.

பங்களாக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தச் செங்கல்லை எடுத்துவிடுங்கள். கதவின் பக்கத்தில், அது யாருக்காக வைத்தது என்று தமிழில் எழுதி வையுங்கள்.