ஆளைச் சந்தேகிக்க முன் ஃபில்டரைப் பாருங்கள்

எமது வர்த்தகர்களில் பலர் இன்று கணக்கைக் கணனியில் வைத்திருக்கிறார்கள். பெரிய கம்பனிகள் இலட்சக்கணக்கில் செலவழித்து மென்பொருள் வாங்குகின்றன. சிறிய, நடுத்தரக் கடைக்காரருக்கு அது கட்டுப்படியாகாது. தெரிந்த பையன் ஒருவர் மைக்ரோசொப்ட் அக்சஸில் எழுதிக் கொடுத்த புரோகிராம்தான் பல கடைகளில் ஓடுகிறது. கடன் வாடிக்கையாளர் பட்டியல், காசோலைப் பட்டியல், களஞ்சிய இருப்பு எல்லாம் அதற்குள்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1992ஆம் ஆண்டு வெளிவந்த அக்சஸ் இன்றும் பாவனையில் இருக்கிறது. ஒழுங்காகச் செய்திருந்தால் ஒரு கடைக்கு அது தாராளமாகப் போதும்.

ஆனால் ஒரு முறைப்பாடு மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. "காலையில் திறந்து பார்த்தால் முந்நூறு பேர் இருந்த பட்டியலில் பன்னிரண்டு பேர்தான் இருக்கிறார்கள். யாரோ அழித்துவிட்டார்கள்." அந்த 'யாரோ' பெரும்பாலும் கணனிக்கு முன்னால் இருக்கும் பிள்ளைதான். கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். கடன்காரரிடம் ஏதும் வாங்கிக்கொண்டு கணக்கை அழித்தாயா என்று கேட்கிறார்கள். சில இடங்களில் வேலையை விட்டே அனுப்பிவிடுகிறார்கள். பிறகு புரோகிராம் எழுதியவர் வந்து ஒரு பட்டனைத் தட்டியதும் முந்நூறு பேரும் திரும்பி வந்துவிடுகிறார்கள். போன பிள்ளை திரும்பி வருவதில்லை.

ஃபில்டர் என்றால் என்ன என்பதைக் கடை உரிமையாளரே தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் எனது கருத்து. பேரேட்டை வாசிக்கத் தெரியாதவர் வியாபாரம் செய்ய வெட்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. பேரேடு இருந்த இடத்துக்கு இப்போது திரை வந்திருக்கிறது. அதையும் வாசிக்கத் தெரிய வேண்டும்.

ஜன்னலும் அறையும்

அக்சஸில் கணக்கு இருக்கும் இடம் வேறு, நாம் பார்க்கும் இடம் வேறு. கணக்கு இருப்பது டேபிள் எனப்படும் அட்டவணையில். நாம் திறந்து பார்ப்பது ஃபோம். அட்டவணை அறை என்றால் ஃபோம் அதன் ஜன்னல். ஃபில்டர் என்பது அந்த ஜன்னலுக்குப் போட்ட திரைச்சீலை. "கண்டிக் கடைகளை மட்டும் காட்டு", "நிலுவை உள்ளவர்களை மட்டும் காட்டு" என்று நிபந்தனை போட்டால் மற்றவை மறைக்கப்படும். ஒரு பதிவும் அழிவதில்லை.

பேரேட்டில் ஒரு தாளைக் கிழித்தால் கிழித்த இடம் தெரியும், பக்க இலக்கம் தாவும். திரையில் அப்படி எதுவும் தெரியாது. பன்னிரண்டு பேரைக் காட்டும் ஃபோம், மொத்தமே பன்னிரண்டு பேர் என்பது போலத்தான் இருக்கும். ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

ஆகவே கணக்குக் குறைந்தால் முதலில் ஃபோமின் அடிப்பாகத்தைப் பாருங்கள். அங்கே பதிவுகளின் எண்ணிக்கை இருக்கும். அக்சஸ் 2007 முதல் அதன் பக்கத்திலேயே ஒரு சொல்லும் இருக்கும். 'ஃபில்டர்ட்' என்றிருந்தால் திரைச்சீலை போட்டிருக்கிறது. 'அன்ஃபில்டர்ட்' என்றால் நிபந்தனை ஒன்று இருக்கிறது, ஆனால் இப்போது நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. 'நோ ஃபில்டர்' என்றால் நிபந்தனையே இல்லை. 'ஃபில்டர்ட்' என்ற சொல்லின் மேல் ஒரு முறை கிளிக் செய்தால் மறைந்தவை வந்துவிடும். அந்த அடிப்பட்டியையே மறைத்து வைத்திருக்கும் புரோகிராம்களும் உண்டு. அழகுக்காகச் செய்வது. எழுதியவரிடம் சொல்லி அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

திறக்கும்போதே குறைந்தால்

யாரும் கைவைக்காமல், ஃபோம் திறக்கும்போதே சில பதிவுகள்தான் வருகின்றன என்றால் காரணம் ஃபோமை அமைத்த விதத்தில் இருக்கும். பார்க்க வேண்டியவை மூன்று.

ஒன்று, ஃபோமின் அமைப்பில் 'டேட்டா என்ட்ரி' என்ற இடம். அது 'யெஸ்' என்று இருந்தால் ஃபோம் புதிய பதிவுக்கான வெற்றுப் பக்கத்தை மட்டும் காட்டும், பழையவை ஒன்றும் வராது. முழுக் கணக்கும் போய்விட்டது என்று தலையில் கைவைப்பவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

இரண்டு, 'ஃபில்டர் ஒன் லோட்' என்ற இடம். முன்னொரு நாள் போட்ட நிபந்தனை ஃபோமிலே தங்கியிருந்து, இது 'யெஸ்' என்றும் இருந்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பழைய நிபந்தனை தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மூன்று, ஃபோமைத் திறக்கும் பட்டன். வாடிக்கையாளர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பட்டனை அழுத்தினால் அவருடைய பில்கள் மட்டும் வருவது, பட்டனுக்குள் எழுதப்பட்ட நிபந்தனையால்தான். இதில் எழுத்துப் பிழை ஒன்று விழுந்தால் போதும். இலக்கத்தை அப்படியே எழுத வேண்டும், பெயரை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். மேற்கோள் குறியை மறந்துவிட்டாலோ, நிரலின் பெயரைப் பிழையாக எழுதினாலோ, 'எண்டர் பராமீட்டர் வெல்யூ' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். வேலை செய்யும் பிள்ளை அதில் எதையாவது தட்டிவிட்டுப் போவார். வெற்று ஃபோம் திறக்கும். அந்தப் பெட்டி வந்தால் எதையும் தட்டாமல் எழுதியவருக்குச் சொல்ல வேண்டும் என்று உங்கள் ஆட்களிடம் சொல்லி வையுங்கள்.

எமது பெயர்களில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மஃரூப், மஸ்ஊத் போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது சிலர் நடுவில் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றை இடுவார்கள். நிபந்தனையும் ஒற்றை மேற்கோளுக்குள் எழுதப்பட்டிருந்தால், பெயர் பாதியிலேயே முடிந்துவிட்டதாக அக்சஸ் எடுத்துக்கொண்டு பிழை காட்டும். பெயரை வைத்துத் தேடாமல் வாடிக்கையாளர் இலக்கத்தை வைத்துத் தேடினால் இந்தத் தொல்லை இல்லை. ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும் எமது சந்தையில் எப்படியும் இலக்கம்தான் நல்லது.

காசோலைத் திகதியில் விழும் பிழை

பணத்தில் நேரடியாகக் கைவைக்கும் பிழை திகதியில்தான் இருக்கிறது. எமது வியாபாரம் பிற்திகதியிட்ட காசோலைகளில் ஓடுகிறது. ஆகவே இதை ஒவ்வொருவரும் கவனமாக வாசிக்க வேண்டும்.

நாம் நாளை முதலிலும் மாதத்தை அடுத்ததாகவும் எழுதுகிறோம். 5/3/2026 என்றால் எமக்கு மார்ச் 5. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். அவர்களுக்கு அது மே 3. உங்கள் கணனியில் திகதி எமது முறைப்படி அமைக்கப்பட்டிருந்தாலும், பட்டனுக்குள் நிபந்தனையாக எழுதப்படும் திகதியை அக்சஸ் அமெரிக்க முறையில்தான் வாசிக்கும். ஆகவே எழுதியவர் இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால், மார்ச் 5ஆந் திகதி 'இன்றைய காசோலைகள்' என்ற பட்டனை அழுத்தும்போது மே 3ஆந் திகதிக்குரிய காசோலைகள் வரும், அல்லது ஒன்றும் வராது.

இதில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. 13/3/2026 என்று வந்தால், பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால் அக்சஸ் அதைத் தானாகவே மார்ச் 13 என்று சரியாக எடுத்துக்கொள்ளும். அதாவது மாதத்தின் 12ஆந் திகதி வரை பிழை, 13ஆந் திகதி முதல் சரி. மார்ச் 3, ஏப்ரல் 4 போல நாளும் மாதமும் ஒரே இலக்கமாக வரும் ஒரு நாள் மட்டும் தப்பிக்கொள்ளும். மாதத்துக்கு 11 நாட்கள், வருடத்துக்கு 132 நாட்கள் பட்டியல் பொய் சொல்லும். புரோகிராமை மாதக் கடைசியில் பரீட்சித்துப் பார்த்திருந்தால் பிழை கண்ணில் படவே படாது.

பட்டியலில் வராத காசோலை அன்று வங்கிக்குப் போகாது. காசோலை தந்தவர் அன்றைக்கென்று கணக்கில் பணம் போட்டு வைத்திருப்பார். மறுநாள் இன்னொருவரின் காசோலை வந்து அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். பிறகு நாம் போடும்போது எமது காசோலை திரும்பும். காசோலை தந்தவர் மேல் கோபம், வேலை செய்யும் பிள்ளை மேல் கோபம். பிழை இருந்ததோ ஒரு வரியில்.

பரிகாரம் இலேசானது. நிபந்தனையில் திகதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், 2026-03-05 என்று அமையும்படி எழுதச் சொல்லுங்கள். அதற்கு இரண்டாவது அர்த்தம் கிடையாது. சரி வந்துவிட்டதா என்று பார்க்க, ஏதாவது ஒரு மாதம் 5ஆந் திகதியோ 8ஆந் திகதியோ, திரையில் வரும் பட்டியலைக் கையிலுள்ள காசோலைக் கட்டுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த மாதத்தின் இலக்கத்தோடு பொருந்தாத திகதியாக அது இருக்கட்டும்.

திகதியோடு நேரமும் சேர்ந்து பதிவாகும் புரோகிராம்களில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. "1ஆந் திகதி முதல் 31ஆந் திகதி வரை" என்று நிபந்தனை போட்டால், 31ஆந் திகதி நள்ளிரவு பிறந்ததோடு அக்சஸ் நிறுத்திக்கொள்ளும். அன்று பகல் பத்து மணிக்குப் போட்ட பில் அதற்குள் வராது. மாதக் கடைசி நாள் விற்பனை முழுவதும் கணக்கில் விடுபட்டுப் போகும். "அடுத்த மாதம் 1ஆந் திகதிக்கு முன்" என்று நிபந்தனையை எழுதினால் சரியாகிவிடும்.

'நோ ஃபில்டர்' என்றிருந்தும் குறைந்தால்

அடிப்பட்டியில் ஃபில்டர் இல்லை என்று காட்டியும் ஆட்கள் குறைவாக இருக்கலாம். அப்போது ஃபோமுக்குக் கணக்கை எடுத்துக் கொடுக்கும் குவெரியைப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் அட்டவணையையும் ஊர் அட்டவணையையும் சேர்த்துக் காட்டும் குவெரியில், ஊர் பதியப்படாத வாடிக்கையாளர் சாதாரணமாக விழுந்துவிடுவார். அதேபோல "கொழும்பு அல்லாதவை" என்று நிபந்தனை போட்டால், ஊர் என்ற இடம் வெற்றாக இருப்பவர்களும் வரமாட்டார்கள். வெற்றிடத்தை அக்சஸ் 'கொழும்பு' என்றும் எடுக்காது, 'கொழும்பு அல்ல' என்றும் எடுக்காது. அவசரத்தில் ஊரைப் பதியாமல் விட்ட வாடிக்கையாளர்தான் பட்டியலில் இருந்து தப்புகிறார். அவரிடம் நிலுவை கேட்கவும் ஆளில்லாமல் போகிறது.

ஃபில்டரைப் பூட்டாகப் பாவிக்கும் வழக்கமும் சில கடைகளில் இருக்கிறது. விற்பனைப் பிரதிநிதி தன்னுடைய பகுதியை மட்டும் பார்க்கட்டும் என்று ஃபில்டர் போட்டு ஃபோமைத் திறந்து கொடுக்கிறார்கள். மறைந்தவற்றை நாம் ஒரு கிளிக்கில் கொண்டுவருவது போல அவரும் ஒரு கிளிக்கில் கொண்டுவரலாம். திரைச்சீலை வசதிக்காகப் போடுவது. கொள்விலையும் மற்றவர்களின் கடனும் அவர் பார்க்கக்கூடாதவை என்றால், அவருடைய கணனிக்கு அவை போகாதபடி செய்ய வேண்டும்.

"இதெல்லாம் புரோகிராம் எழுதியவரின் வேலை, எனக்கெதற்கு?" என்று சிலர் கேட்கலாம். திருத்துவது அவருடைய வேலைதான். ஆனால் காசோலை திரும்பும்போது வங்கிக் கட்டணம் கட்டுவது அவரல்ல. பிள்ளையை வேலையிலிருந்து நிறுத்துவதும் அவரல்ல. அவர் நாளைக்கு வெளிநாடு போய்விட்டாலும் கணக்கு உங்களுடையதுதான். லொறியை நாமே திருத்துவதில்லை. ஆனாலும் எண்ணெய் குறைந்தால் எந்த விளக்கு எரியும் என்று தெரிந்துதான் வைத்திருக்கிறோம்.

ஆகவே அவரிடம் மூன்று விடயங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு ஃபோமின் மேலும் என்ன நிபந்தனையில் திறந்திருக்கிறது என்பது எழுத்தில் தெரிய வேண்டும். "மொத்தம் 300இல் 12" என்று இரண்டு எண்ணிக்கையும் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் காட்டும் பட்டன் ஒன்று எல்லா ஃபோமிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். தெரிந்தவருக்கு இது அரை நாள் வேலை.

உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. மாதம் ஒரு முறை அட்டவணையைத் திறந்து, அங்கும் ஃபில்டர் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மொத்தப் பதிவுகள் எத்தனை என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்த இலக்கம் கையில் இருந்தால், கணக்கு உண்மையாகவே அழிந்ததா, திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். உண்மையாகவே அழிந்திருந்தால் விசாரிக்க வேண்டியதுதான். அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னால் எவர் மீதும் விரலை நீட்டாதீர்கள்.