வண்டி நிற்காத ஊரா நம் ஊர்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. முதல் நாலு வரி படித்துவிட்டு "அருமை டீச்சர்" என்று போட்டுவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான். இன்றைக்கு முழுசாகப் படியுங்கள்.

விஷயம் இதுதான். ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம் மாணவன் ஒருவன் போன வாரம் குழுவில் படங்கள் போட்டிருந்தான். குடும்பத்தோடு கேரவன் எடுத்துக்கொண்டு மூன்டா என்ற ஊருக்குப் போய் வந்திருக்கிறான். நமக்குக் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் உட்காரும் வண்டி. அங்கே அது காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் சின்ன வீடு. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். படங்களுக்குக் கீழே ஒருவர் எழுதினார்: "நம்ம ஊர்ல என்ன இருக்கு? ஹார்பர், தெர்மல், உப்பு. மக்ரூன் வாங்கிட்டு திருச்செந்தூருக்குக் கிளம்ப வேண்டியதுதான்." அதற்குப் பத்துப் பேர் சிரிப்புப் பொம்மை போட்டீர்கள். இன்னொருவர், "யாராவது பெரிய கம்பெனி வந்து பீச்ல கேரவன் பார்க் போட்டா ஊர் முன்னேறிடும்" என்றார்.

இரண்டு பேச்சும் தவறு. ஏன் தவறு என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அந்த மூன்டாவில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். தெற்கு ஆஸ்திரேலியாவில், அடிலெய்டுக்கு வடமேற்கே, கடலோரத்தில் இருக்கும் சின்ன ஊர். 1861-ல் ஆடு மேய்க்கிற ஒருவர் கண்ணில் செம்புத் தாது பட்டது. சுரங்கம் வந்தது. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் இருக்கும் கார்ன்வாலிலிருந்து சுரங்கத் தொழிலாளர்கள் கப்பலேறி வந்து குவிந்தார்கள். கார்ன்வாலில் தொழில் நொடிந்த காலம் அது. நம் ஆட்கள் கொழும்புக்கும் பினாங்குக்கும் போன மாதிரிதான் அவர்களும் போனார்கள். 1923-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அதாவது நூறு வருஷத்துக்கு முன்பே அந்த ஊரின் தொழில் முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது இடிந்த இயந்திரக் கட்டடங்களும், கழிவு மண் மேடுகளும், தொழிலாளர் குடிசைகளும், ஒரு பள்ளிக்கூடமும்.

அந்தப் பள்ளிக்கூடம் 1878-ல் கட்டியது. இன்றைக்கு அதுதான் ஊரின் அருங்காட்சியகம். 1973 முதல் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கார்னிஷ் திருவிழா எடுக்கிறார்கள். சுரங்கத்துக்குள் தாத்தாக்கள் கட்டிக்கொண்டு போன இறைச்சி வைத்த மாவுப் பண்டத்தை இன்றும் கடையில் சுட்டு விற்கிறார்கள். வண்டிகள் நிற்பது இதற்காகத்தான். "எங்கள் தாத்தா இந்தக் குழிக்குள் இறங்கினார்" என்று சொல்வதற்கு அங்கே ஆள் இருக்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

நம் சுரங்கம் கடலுக்கு அடியில் இருந்தது. அதற்குப் பெயர் பார். தோலாயிரம் பார் என்ற பெயரையாவது உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயால் கேட்டிருப்பீர்கள். அரசாங்கம் நாள் குறித்து முத்துக்குளிக்க விடுவதற்குச் சலாபம் என்று பெயர். காலில் கல்லைக் கட்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, முப்பது அடிக்கும் அறுபது அடிக்கும் இடையில் இறங்குவார்கள். கையால் துழாவிச் சிப்பிகளை வாரிக் கூடையில் போட்டுக் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். ஒரு நிமிஷம், கொஞ்சம் கூட. மேலே கயிறு பிடிப்பவர் மச்சானாக இருப்பார் என்று சொல்வார்கள். தன் உடன்பிறந்தவள் தாலிக்காக அவன் கண் இமைக்க மாட்டான் என்பது கணக்கு. ஒரு தொழிலின் முழு ஆபத்தும் இந்த ஒரு ஏற்பாட்டில் தெரிகிறது அல்லவா?

இது நேற்று வந்த தொழிலா? கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய கடல் பயணக் குறிப்பில் கொற்கை வருகிறது. பாண்டியன் நாட்டில் முத்தெடுக்கத் தண்டனைக் கைதிகளைப் பயன்படுத்தினார்கள் என்று அது சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு சுறா வாயைக் கட்டும் மந்திரக்காரருக்கு என்று எழுதினார். பிறகு போர்த்துக்கீசியர். 1658-ல் டச்சுக்காரர். அதன் பிறகு ஆங்கிலேயர். ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்குப் போனது. உயிரைப் பணயம் வைத்து இறங்கியவர்களுக்கு மூன்றில் ஒன்று. கொடி மாறியது, பங்கு கேட்கும் கை மாறியது, இறங்கிய ஆள் மட்டும் மாறவில்லை.

கடைசிச் சலாபம் 1961-ல் முடிந்தது. சிப்பி படியாமல் போனது, ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தையைப் பிடித்தது, எல்லாம் சேர்ந்து கதை முடிந்தது. 1973-ல் நம் ஊர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானிகள் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். ஆனால் பாரில் இறங்குகிற தொழில் திரும்பவில்லை. சங்கு குளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் எடுக்கும் சங்கு வங்காளத்துப் பெண்கள் கையில் வளையலாக ஏறுகிறது.

கணக்குப் போடுங்கள். 1961-ல் 20 வயதாக இருந்தவருக்கு இன்று 85-ஐ ஒட்டிய வயது. அந்தத் தலைமுறையில் எத்தனை பேர் மிச்சம்? என் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளில் பலர் அந்தத் தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள். முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போகிறோம். கடைப் பெயர்ப் பலகையில் முத்து, ஓட்டலில் முத்து, கிரிக்கெட் டீமில் முத்து. முத்தெடுத்தவன் பெயர் மட்டும் எந்தப் பலகையில் இருக்கிறது? வெளியூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து, "முத்து எப்படி எடுத்தாங்க, எங்களுக்குக் காட்டுங்க" என்றால் எந்தத் தெருவுக்குக் கூட்டிப் போவீர்கள்?

"என்ன இருக்கு" என்று சிரித்தவர்களுக்கு என் பதில் இதுதான். இருக்கிறது. நாம் காட்டுவதில்லை.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சுமார் 40 கிலோமீட்டர். அந்த வழியில் டெம்போ டிராவலர்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. நகரத்திலேயே பனிமய மாதா கோவில் இருக்கிறது. மணிலாவிலிருந்து 1555-ல் வந்ததாக நம்பப்படும் சொரூபம் அங்கே. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய துறைமுகம் இது. கொஞ்சம் உள்ளே தள்ளி, ஆறு மண்ணைக் கொட்டிக் கடலை விட்டு விலகிப்போன கொற்கை. அப்புறம் புன்னைக்காயல். அங்கே இருந்து உழைத்த அன்றீக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578-ல் கொல்லத்தில் அச்சேறியது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம். அச்சுச் செலவுக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் இந்தக் கரையின் பரதவ மக்கள் என்று வரலாறு சொல்கிறது. முத்துக்குளித்த கூலி தமிழ் அச்சுக்கு முதலீடு! தமிழ் சொல்லிக்கொடுத்த எனக்கு இதைவிடப் பெருமை என்ன வேண்டும்? அடுத்து காயல்பட்டினம், முத்து வணிகத்தில் பெயர் பெற்ற மரைக்காயர்களின் ஊர். திருச்செந்தூரைத் தாண்டினால் மணப்பாடு. இத்தனையும் ஒரே நாளில் வண்டியில் பார்க்கலாம். எந்த இடத்திலும் வண்டி நிற்பதில்லை. நின்றால் பேச ஆள் இல்லை.

இரண்டாவது பேச்சுக்கு வருகிறேன். கம்பெனி வந்து கேரவன் பார்க் போடட்டும் என்கிறீர்கள். கேரளா 2021-லேயே கேரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கை கொண்டுவந்துவிட்டது. குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. ஆகவே நம் கடற்கரைச் சாலைக்கும் இந்த வண்டிகள் வரத்தான் போகின்றன. வரட்டும். நான் வண்டிக்கு எதிரி இல்லை. ஆனால் எங்கே நிறுத்துவீர்கள்? "பீச் காலியாத்தானே கிடக்கு" என்று சொல்லாதீர்கள். அது காலி இடம் கிடையாது. வலை காயும் இடம், வள்ளம் ஏற்றும் இடம், கருவாடு போடும் இடம், மீன் ஏலம் விடும் இடம். ஒருவர் பட்டறையை இன்னொருவர் பார்க்கிங்காகப் பார்ப்பது என்ன நியாயம்? வண்டிக் கழிப்பறைத் தொட்டியை எங்கே கொட்டுவார்கள் என்று கேட்டீர்களா? ஓடையில் கொட்டினால் அது மன்னார் வளைகுடாவுக்குத்தான் போகும்.

அந்த வளைகுடாவுக்கு நாம் செய்தது போதாதா? சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை உடைத்து உடைத்து ஏற்றினோம். அதுவும் ஒரு சுரங்கம்தான். நம் ஊருக்கு எதிரே இருந்த விலாங்குசல்லித் தீவு நீருக்குள் போய்விட்டது. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் போய்விட்டது. இருபத்தொரு தீவு என்று புத்தகத்தில் படித்தீர்களே, அதில் இரண்டு இப்போது கடலுக்குள். 2001-ல் பவளப்பாறைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. வான்தீவைக் காப்பாற்றச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கினார்கள். இதையும் வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். பெருமையை மட்டும் காட்டும் ஊரை யாரும் நம்ப மாட்டார்கள். மூன்டாவிலும் இந்தக் குறை உண்டு. செம்புக்கு முன்னால் அந்த மண் நருங்கா என்ற பழங்குடி மக்களுடையது. கார்ன்வால் கதையை எவ்வளவு சத்தமாகச் சொன்னாலும் அவர்கள் கதையை விட்டுவிட்டால் அது பாதிக் கதைதான்.

இன்னொரு குரலும் இருக்கிறது. அது குழுவில் வரவில்லை, எனக்குத் தனியாக வந்தது. "டீச்சர், எங்க தாத்தா குளிச்சவர்தான். ஆனா அந்தக் கஷ்டத்தையெல்லாம் இப்ப எதுக்குக் கிளறணும்? பிள்ளைங்களுக்குச் சம்பந்தம் பேசுற நேரத்துல இதெல்லாம் வேண்டாம்னு வீட்டுல சொல்றாங்க." பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த மாணவருக்கும், அப்படி நினைக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். காது கிழிந்து ரத்தம் வர இறங்கியவரின் பேரன் என்று சொல்ல உனக்கு என்னப்பா கூச்சம்? மூன்டாவில் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் சிறுவர்கள் தாதுக் கல் பொறுக்கினார்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரன்கள் அதைத் திருவிழா எடுத்துச் சொல்கிறார்கள். கூச்சப்பட வேண்டியவர் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டவர்.

நீங்கள் சொல்லாவிட்டால் கதை அழியும் என்பது மட்டும் இல்லை. வேறு யாராவது சொல்வார்கள். கம்பெனி வரும், நீச்சல்குளத்துப் பக்கத்தில் சிப்பி பொம்மை வைக்கும், "பேர்ல் டைவர்" என்று உடை மாட்டிய ஒரு ஆளை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லும். அப்போது உங்கள் தாத்தா வேடிக்கைப் பொருள் ஆகிவிடுவார். அதனால்தான் வரிசை முக்கியம் என்கிறேன். முதலில் கதை, அது நம் வாயால். பிறகு கழிப்பறை, தண்ணீர், நிழல், கழிவு இறக்கும் இடம், கடற்கரையை விட்டுத் தள்ளி. அதற்கு அப்புறம் வண்டி வரட்டும். எத்தனை வேண்டுமானாலும் வரட்டும்.

"அரசாங்கம் செய்யணும் டீச்சர்" என்பீர்கள். செய்ய வேண்டும், கேட்கவும் வேண்டும். ஆனால் கோப்பு நகரும் வேகத்துக்கு 85 வயது காத்திருக்காது. நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்தவள், ஆராய்ச்சியாளர் கிடையாது. பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுப்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். ஆகவே வீட்டுப்பாடம் கொடுக்கிறேன்.

ஒன்று. உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், மாமனார் ஊரில் சலாபத்துக்குப் போனவர் யாராவது இருந்தால் போய் உட்காருங்கள். போனில் ரெக்கார்ட் போடுங்கள். எந்தப் பாருக்குப் போனீர்கள்? கரையில் எதைப் பார்த்து இடம் பிடித்தீர்கள்? கயிறு பிடித்தது யார்? ஒரு நாளில் எத்தனை முறை இறங்கினீர்கள்? பங்கு எவ்வளவு கிடைத்தது? திரும்பி வராதவர் யார்? பெண்கள் கரையில் என்ன செய்தார்கள்? ஏழு கேள்வி போதும். தாத்தா இல்லை என்றால் பாட்டியைக் கேளுங்கள். பாட்டிகளுக்குத்தான் கூலிக் கணக்கு நன்றாக நினைவிருக்கும்.

இரண்டு. பழைய படம், கயிறு, கூடை, சல்லடை எது கிடைத்தாலும் பழைய இரும்புக்காரருக்குப் போடாதீர்கள்.

மூன்று. உறவினர் வண்டி எடுத்துக்கொண்டு திருச்செந்தூருக்கு வந்தால், மக்ரூன் பெட்டி கொடுத்து அனுப்பிவிடாமல் நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள். புன்னைக்காயலில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். அச்சுக் கதையைச் சொல்லுங்கள்.

நான்கு. இப்போது ஆசிரியராக இருக்கும் என் மாணவிகளுக்கு: பிள்ளைகள் கொண்டுவரும் பதிவுகளை உங்கள் பள்ளியிலேயே ஒரு அலமாரியில் வையுங்கள். மூன்டாவில் பள்ளிக்கூடம் அருங்காட்சியகம் ஆனது. நம்மூரில் பள்ளிக்கூடத்தில் ஒரு அலமாரி கூடவா ஆகாது?

ஆகஸ்ட் 5 மாதா திருவிழாவுக்கு எப்படியும் ஊருக்கு வருவீர்கள். அதற்குள் ஆளுக்கு ஒரு பதிவாவது போனில் இருக்க வேண்டும். வந்ததும் கேட்பேன். "மறந்துட்டேன் டீச்சர்" என்ற பதில் செல்லாது.

உங்கள் டீச்சர்